இதயத்துடிப்பும் உடற்பயிற்சியும்: கேட்டதும் சொன்னதும்

நடக்கத் தொடங்கியதுமே துடிப்பு ஏறிவிடுகிறதே, ஏன் சார்?

நல்ல கேள்வி. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போல் துடிக்கும். சும்மா இருக்கும்போது 70இல் நிற்பது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இழுத்துப் பிடித்திருக்கும் கடிவாளத்தால். நடந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. சில நொடிகளிலேயே 90, 100 வந்துவிடும். அதற்கு மேல் ஏற்றுவது இதயத்தை முடுக்கிவிடும் சிம்பதெடிக் நரம்புகளும் அட்ரினலின் என்ற ஹார்மோனும். இது மெதுவாகத்தான் ஏறும், நின்ற பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் நின்றதும் வேகஸ் பிடி சட்டென்று திரும்பிவிடும். மூன்று மாடி ஏறி நின்று மணிக்கட்டில் விரல் வைத்துப் பாருங்கள், முதல் நிமிடத்திலேயே எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும்.

வயது 46. 220இல் வயதைக் கழிக்கும் கணக்குப்படி துடிப்பின் உச்சம் 174. ஓடும்போது வாட்ச் 183 காட்டியது. ஆபத்தா?

174 என்பது சராசரி. ஒரே வயதுக்காரர்களுக்குள் 10, 12 துடிப்பு கூடக்குறைய இருப்பது சாதாரணம். வாட்சும் சிலசமயம் காலடி வேகத்தைத் துடிப்பென்று எண்ணிவிடும். 15 நொடி நாடி பார்த்து நான்கால் பெருக்குங்கள். ஆனால் நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் எண்ணைப் பார்க்க வேண்டாம்; நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வயது 38, வாட்ச் 190...

மேலே உள்ள பதில்தான்.

வயது 52, வாட்ச் 176...

மறுபடியும் அதேதான். தயவுசெய்து மேலே படியுங்கள்.

220இல் வயதைக் கழிப்பது தப்பென்றால் ஜிம் சுவரில் ஏன் ஒட்டியிருக்கிறார்கள்? என் டிரெயினர் பொய் சொல்கிறாரா?

பொய் இல்லை, தோராயம். 1971இல் ஃபாக்ஸ் குழுவினர் பழைய ஆய்வுகளின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொன்னது. மனதில் போட எளிது, அதனால் நிலைத்துவிட்டது. 2001இல் டனாகா குழுவினர் சொன்னது: வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழியுங்கள். 46 வயதுக்கு 176 வரும். அதுவும் சராசரிதான்! ஒரு எண்ணை எட்டிப்பிடிக்க ஓடாதீர்கள் என்றுதான் உங்கள் டிரெயினரிடமும் சொல்வேன்.

அம்மாவுக்கு 61 வயது. மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார். வேகமாக நடந்தாலும் 95 தாண்டவில்லை.

அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அம்மாவோடு நடந்துகொண்டே பேசுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான பயிற்சி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமை. வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இதை மறக்க வேண்டாம்.

மே மாதத்தில் அதே வேகத்துக்கு 15 துடிப்பு கூடுதலாக இருக்கிறதே?

வியர்வையில் நீர் போகிறது, ரத்தம் தோலுக்கும் ஓடுகிறது. ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. மெதுவாக ஓடுங்கள், தண்ணீர் குடியுங்கள்.