சரியான ஆளை எங்கே தேடுவது?

கேள்வி: எனக்கு 39 வயது, அலுவலக வேலை. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மூன்று வருடமாக ராத்திரியில் உட்கார்ந்து வரைகிறேன். வீட்டில் காட்டினால் ‘நல்லா இருக்கு’ என்பதோடு சரி. பெரிய ஓவியர்கள் ஆறு பேருக்கு ‘எனக்கு வழிகாட்ட முடியுமா’ என்று எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை. எனக்கான சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலை முடிந்து வந்து மூன்று வருடம் விடாமல் வரைந்திருக்கிறீர்களே, அதிலேயே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஆனால் ஒரே ஒரு ஆளைத் தேடுகிறீர்கள், அங்கேதான் இடிக்கிறது. சொல்லிக்கொடுக்க, தப்பைச் சுட்டிக்காட்ட, சோர்ந்தால் தட்டிக்கொடுக்க, வாய்ப்புக்கு வழிகாட்ட என்று எல்லாவற்றுக்கும் ஒருவரே கிடைப்பது அபூர்வம்.

வான் கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். செலவுக்குப் பணம் அனுப்பியது தம்பி தியோ. அடிப்படைப் பாடத்துக்கு ஆளே இல்லை, சார்ல் பார்க் என்பவர் தயாரித்த பயிற்சித் தாள்களைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தார். கூட இருந்து வரையவும் பேசவும் ரப்பார்ட் என்ற இளம் ஓவியர் கிடைத்தார். வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தது உறவுக்காரரான ஆண்டன் மாவ். மாவோடு சில மாதங்களில் மனஸ்தாபம், ரப்பார்டோடு 1885இல் நட்பே முறிந்தது, ஆனாலும் வரைவது நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒருவரையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்தக் கடிதங்களுக்கு வருவோம். ‘வழிகாட்ட முடியுமா’ என்று கேட்டால், படிக்கிறவருக்கு அது எத்தனை நாள் வேலை, எங்கே தொடங்குவது என்றே தெரியாது, நல்ல மனசுக்காரர்கூட அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்துவிடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: ‘பந்தைப் பிடிக்க ஓடும் பையனை நான்கு முறை வரைந்துவிட்டேன். முகம் சரியாக வருகிறது, விரல்கள் மட்டும் குச்சி மாதிரி விறைத்து நிற்கின்றன. இரண்டு படம் இணைத்திருக்கிறேன். எதை முதலில் திருத்த வேண்டும்?’ இதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். பதில் வந்தால் அவர் சொன்னபடி வரைந்து, அந்தப் படத்தையும் அனுப்புங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை, ஆனால் உறவு வளர்வது இங்கேதான். அப்புறம், உச்சியில் இருப்பவர்களுக்கே எழுதாமல் உங்களைவிட இரண்டு மூன்று வருடம் முன்னால் போனவர்களுக்கு எழுதுங்கள், பட்ட கஷ்டம் அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

வாய்ப்பு எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலும் நீங்கள் நினைக்காத இடத்திலிருந்து. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம்தான் கிடைத்திருக்கிறது. நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏறக்குறைய நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து ஆளுக்குத்தான் வேறு சங்கதிகள் தெரியும். அதனால் பழைய சக ஊழியர், கூடப் படித்தவர் என்று யாரைப் பார்த்தாலும் ‘நான் குழந்தைகளுக்குப் படம் வரைகிறேன்’ என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பார்த்து வரையப் படங்களுக்கும் பஞ்சமில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் சுமார் 3,75,000 படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. கைகள் மட்டும் தேடி ஒரு மாதம் வரையுங்கள்.

வீட்டார் மேல் வருத்தம் வேண்டாம். ஓவியம் தெரியாதவர்கள் ‘நல்லா இருக்கு’ என்பதற்கு மேல் என்னதான் சொல்வார்கள்? அவர்களிடம் கருத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி, ஒன்பதிலிருந்து பத்தரை வரை யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று நாளும் மணியும் குறித்துச் சொல்லுங்கள், தருவார்கள்.