அமெரிக்காவில் பெற்றோரே பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுக்கிறார்களாமே, அது சரியா?

கொடுக்கிறார்கள், பல மாநிலங்களில் சட்டப்படியே. 18 வயது ஆகாதவருக்குக் கடைக்காரர் ரைஃபிள் விற்கக் கூடாது. ஆனால் அப்பா வாங்கி மகன் கையில் கொடுப்பதை மத்திய சட்டம் தடுப்பதில்லை. கைத்துப்பாக்கிக்குத்தான் கெடுபிடி அதிகம். மான் வேட்டைக்குப் போகும் கிராமத்துக் குடும்பங்களில் இது தாத்தா காலத்து வழக்கம். துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி பெரியவர் கையில் இருக்கும்வரை நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் எங்கே வருகிறது? மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டைப் பாருங்கள். 2021 நவம்பர் 26 அன்று ஒரு தந்தை 15 வயது மகனுக்கு, கிறிஸ்துமஸ் பரிசாம், 9 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் அம்மா சுடப் பழக அழைத்துப்போனார். வகுப்பில் அவன் போனில் தோட்டா தேடினான் என்று பள்ளி சொன்னபோது, கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகு என்ற தோரணையில் அவனுக்குச் செய்தி அனுப்பினார். 30ஆம் தேதி காலை, அவன் துப்பாக்கியும் ரத்தமுமாக வரைந்திருந்த தாளைக் காட்டப் பள்ளி இருவரையும் அழைத்தது. அவனை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்று மதியம் அவன் பள்ளியில் சுட்டதில் 4 மாணவர்கள் செத்தார்கள். துப்பாக்கியோடு வந்த பூட்டு உறைகூடப் பிரிக்காமல் வீட்டில் கிடந்தது.

2024இல் பெற்றோர் இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டு சிறை.

என் பதில்: கைத்துப்பாக்கி என்றால் கூடாது. ரைஃபிள் என்றால், பரிசு பிள்ளைக்கு, பெட்டகமும் தோட்டாவும் உங்களுக்கு. பிள்ளை மனம் உடைந்திருந்தால் அதுவும் வேண்டாம். சிறுவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது 2024 பிப்ரவரி முதல் மிச்சிகனில் கட்டாயம்.