கொண்டை ஊசி வளைவில் பெட்ரோலா, கரண்டா? – கேள்வி பதில்

வால்பாறை, கொல்லிமலை, ஊட்டி என்று ஓட்டும் சுகத்துக்காகவே மலை ஏறுகிறவர்களின் கேள்விகள் இவை. இன்ஜின், பேட்டரி, பிரேக், டயர் பற்றிக் கேளுங்கள். கடன், இன்சூரன்ஸ், ரீசேல், பைக் இதற்கெல்லாம் நான் ஆளில்லை.

பொள்ளாச்சிக்காரர்: அண்ணா, ஊட்டியில ராத்திரி 100% சார்ஜ் போட்டுட்டுக் காலையில குன்னூர் வழியா இறங்கினேன். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி வேகம் குறையவே மாட்டேங்குது. கொஞ்ச தூரம் போனதும் சரியாயிடுச்சு. கோளாறா?

கோளாறு இல்லை. நிறைகுடத்தில் மேலும் ஊற்றப் பார்த்தீர்கள். ரீஜென் என்பது மோட்டாரை டைனமோவாக்கிக் கரண்டைத் திரும்பப் பேட்டரிக்கு அனுப்புவது. பேட்டரியில் இடமில்லை என்றால் மென்பொருள் அதை மறுத்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இறக்கம் சுமார் 1,900 மீட்டர். காரும் ஆட்களும் சேர்த்து 1,600 கிலோ என்றால், 1,600 × 9.81 × 1,900 = கிட்டத்தட்ட 3 கோடி ஜூல். நம் கரண்ட் பில் மொழியில் 8.3 யூனிட். ஐம்பது கிலோமீட்டர் உருளும் டயரும் காற்றும் அதில் இரண்டு, இரண்டரை யூனிட்டைத் தின்றுவிடும். மீதி ஆறில், மோட்டார் இன்வெர்ட்டர் நஷ்டம் போக, நாலரை முதல் ஐந்து யூனிட் பேட்டரிக்கு வரும். 40 யூனிட் பேட்டரியில் அது 11, 12 சதவீதம். அதனால் மலை உச்சியிலிருந்து கிளம்பும்போது 80–85 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இன்னொன்று. ரீஜெனை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்களின் டிஸ்க்கில் துரு பிடித்திருக்கும், பேட் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். திடீரென்று தேவைப்படும்போது முதல் இரண்டு மிதிக்குப் பிடிக்காது. மாதம் ஒருமுறை, ஆளில்லாத சமதளச் சாலையில் 50, 60 வேகத்தில் நியூட்ரலில் போட்டு நாலைந்து முறை நிதானமாகப் பிரேக் அடியுங்கள். பல கார்களில் நியூட்ரலில் ரீஜென் இருக்காது, பேட் மட்டும் வேலை செய்யும். மலையில் இதைச் செய்யாதீர்கள்.

கூடவே பிரேக் ஆயில். பேட் தேயவில்லை என்பதற்காக ஆயில் அப்படியே இருக்காது, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எலெக்ட்ரிக்கோ பெட்ரோலோ.

நாமக்கல்: கொல்லிமலை 70 வளைவு ஏறினா ரேஞ்ச் மளமளன்னு இறங்குது சார். மேலே மாட்டிக்குவோமோன்னு பயமா இருக்கு.

திரையில் காட்டும் கிலோமீட்டரை மலையில் பார்க்காதீர்கள். அது நீங்கள் இதுவரை ஓட்டிய சமதளத்தை வைத்துப் போட்ட கணக்கு. 1,600 கிலோ காருக்கு ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் அரை யூனிட் கூடுதலாகப் போகும், இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காரவள்ளி அடிவாரத்தில் போனில் உயரம் பாருங்கள், போகும் இடத்தின் உயரத்தைக் கழியுங்கள், கணக்கு முடிந்தது. இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிடும்.

திருப்பூர்: எது வாங்கலாம் சார், எலெக்ட்ரிக்கா பெட்ரோலா?

வீட்டில் சொந்த பார்க்கிங்கும் ஒழுங்கான எர்த்தும் இருக்கிறதா, மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எந்த மலை? இதைச் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

டர்போ ரசிகர்: அண்ணே, 1 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல். ஏத்தத்துல நாலாவது கியர்ல 1,500 ஆர்பிஎம்ல முழுசா மிதிச்சா உள்ள 'டக்'குனு ஒரு அடி கேக்குது. மைலேஜுக்காகப் பெரிய கியர்ல ஓட்டறேன்.

உடனே நிறுத்துங்கள், அந்தப் பழக்கத்தை. சின்ன இன்ஜின், நேரடி இன்ஜெக்‌ஷன், டர்போ மூன்றும் சேர்ந்த வண்டியில் குறைந்த சுழற்சியில் அதிக சுமை கொடுத்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளியும் கரித்துகளும்தான் பெரும்பாலும் திரிகொளுத்தி. சாதாரண நாக்கிங் (ஸ்பார்க் வந்த பிறகு கலவை தாறுமாறாக வெடிப்பது) என்றால் கணினி ஸ்பார்க் டைமிங்கைப் பின்னால் தள்ளிச் சமாளிக்கும். இதை அப்படிச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் ஸ்பார்க்குக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஓரிரண்டு பெரிய அடியில் பிஸ்டன் ரிங் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு உடையும்.

ஏற்றத்தில் 2,000க்கும் 4,000க்கும் நடுவில் ஓட்டுங்கள், அதற்காக மூன்றாவதோ இரண்டாவதோ கியருக்கு இறங்குங்கள். இன்ஜின் ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி (API SP) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 2020இல் வந்த இந்தத் தரத்தில் இந்தக் கோளாறுக்கென்றே சோதனை உண்டு. கிரேடு உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ளதுதான். மேலே போனதும் முப்பது நொடி ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போ கொஞ்சம் ஆறட்டும்.

ஈரோடு: இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்தானே?

இல்லை, நஷ்டம். கியரில் வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுக்க மூடிக்கொள்ளும், ஒரு சொட்டு இறங்காது. நியூட்ரலில் ஐடிலுக்காகப் பெட்ரோல் எரியும், இன்ஜின் பிடிப்பும் போய்விடும், மொத்த பாரமும் பிரேக்கில் விழும். சாவியை அணைத்து உருட்டுகிறவர்களுக்கு: பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீரும், அதற்கப்புறம் பெடல் கல். ஊட்டி–மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 வளைவுகளில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே பிரேக் போன விபத்துகள்தான். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடம்.

கிளட்ச் பக்தன்: எல்லாம் சரி. கியர் இல்லாத வண்டிய ஓட்டறது ஓட்டறதா? மிக்ஸி சுவிட்சத் திருப்பற மாதிரி இருக்கு.

மிக்ஸிக்கு மூன்று வேகம் உண்டு, இதற்கு ஒன்றுதான். ஆனால் நீங்கள் சொல்லும் குறை இருக்கவே செய்கிறது. அதனால்தான் ஹூண்டாய் ஐயோனிக் 5 N காரில் மோட்டாரின் விசையைக் கணநேரம் வெட்டி, எட்டு கியர் டூயல் கிளட்ச் மாதிரி நடிக்க வைத்தார்கள். போர்ஷே டைகானின் பின்அச்சில் நிஜமாகவே இரண்டு கியர் உண்டு.

வோல்ட் வேங்கை: கியர் மாத்தறது திறமையில்ல, பழைய இன்ஜினோட பலவீனம். எங்க வண்டியில மிதிச்சா அந்த நிமிஷமே முழு டார்க். வளைவுல உங்க டர்போ தூங்கி எழறதுக்குள்ள நாங்க அடுத்த வளைவுல இருப்போம்.

கிளட்ச் பக்தன்: ரெண்டு டன் வண்டிய வச்சுக்கிட்டு வளைவ பத்திப் பேசறீங்களே தம்பி!

இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க். வேங்கை சொன்னது வளைவின் வெளிவாயில் சரி. கொண்டை ஊசியில் 15 வேகத்தில் இரண்டாம் கியரில் இருந்தால் பல வண்டிகளில் சுழற்சி ஆயிரம் சொச்சம்தான், டர்போ இன்னும் கண் விழித்திருக்காது. அங்கே மோட்டாரை மிஞ்ச ஆளில்லை.

உள்ளே நுழையும்போது கதை வேறு. 70இல் வந்து 30க்குக் குறைக்கிறீர்கள். 1,250 கிலோ பெட்ரோல் செடானுக்குக் களைய வேண்டிய சக்தி 1.9 லட்சம் ஜூல். இரண்டு டன் எலெக்ட்ரிக் எஸ்யூவிக்கு 3.1 லட்சம். நிதானமாகக் குறைத்தால் மோட்டாரே வாங்கிக்கொள்ளும்: 60 வேகத்தில் 0.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு) அளவில் குறைத்தால் 65 கிலோவாட் மாதிரி வரும், பெரும்பாலான கார்களால் முடியும். ஆனால் நம் ஆட்கள் கடைசி நொடியில் மிதிப்பார்கள். 70இல் 0.5 ஜி என்றால் 190 கிலோவாட். அதில் பெரும்பங்கு டிஸ்க்குக்குத்தான் போகிறது, அதுவும் அறுபது சதவீதம் கூடுதல் எடையோடு. வால்பாறை ரோட்டில் நாற்பது வளைவு.

வோல்ட் வேங்கை: பேட்டரி தரையில இருக்கு, ஈர்ப்பு மையம் கீழே. சாயவே சாயாது.

சாயாது. ஆனால் சாயாமல் இருப்பதும் பிடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. டயரில் சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது, குறைவாகவே கூடும். அதனால்தான் கனமான கார் அகலமான டயர் கேட்கிறது. எலெக்ட்ரிக் காருக்கு டயர் மாற்றும்போது பக்கவாட்டில் உள்ள சுமைக்குறியீடு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. கடைக்காரர் "அதே சைஸ்தான் சார்" என்பார். சைஸ் அதே, சுமைக்குறியீடு வேறாக இருக்கும்.

கிளட்ச் பக்தன்: அப்ப ஒத்துக்கிட்டீங்க, பெட்ரோல்தான்.

ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: டேங்க் நிரம்பியிருந்தாலும் இன்ஜின் பிரேக் வேலை செய்யும். 0–100 நொடிக் கணக்கில் நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்கள், மலையில் தீர்ப்பு சொல்வது எடையும் சூடும்.

மதுரை: ஃபுல் சார்ஜ்ல கொடைக்கானல் இறங்கறப்ப ரீஜென் வரல...

முதல் பதில்.

கரூர்: இ20 போட்டா மைலேஜ் குறையுதே, இன்ஜின் போயிடுமா?

மூன்றாவது முறையாக வரும் கேள்வி. எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும். பழைய வண்டியில் பார்க்க வேண்டியது ரப்பர் பெட்ரோல் ஹோஸும் ஓ-ரிங்கும்: கையால் அமுக்கினால் பிசுபிசுப்பு, வெடிப்பு, வாசனை. மாதக்கணக்கில் டேங்க்கில் விட்டுவைக்காதீர்கள்.

குன்னூர் போகப்போகிறவர்: ஹோம்ஸ்டேல பவர் பிளக் இருக்கு, சார்ஜ் போடலாமா?

போடலாம், பார்த்து. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 3.3 யூனிட். ஒன்பது மணி நேரத்தில் 28, 30 வரும். கார்த் திரையில் 10 ஆம்பியருக்குக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள், 2.3 யூனிட் போதும். அரைமணி கழித்து பிளக்கைத் தொடுங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், விடியும்போது உருகியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டினால் எர்த் இல்லாமல் இருக்கலாம். நியூட்ரலையும் எர்த்தையும் கோத்து அதை ஏமாற்றும் டூப்ளிகேட் பிளக் விற்கிறார்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால் கார் பாடியில் 230 வோல்ட் நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் தொடப்போவது நீங்களோ குழந்தையோ.

கோவை: கரி ஸ்பீட்வே டிராக் டேக்கு எலெக்ட்ரிக் கொண்டு போலாமா?

தாராளமாக. சுற்று 2.1 கிலோமீட்டர், நிறைய பிரேக். சாலையில் கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் எடுக்கும் கார் டிராக்கில் மூன்று நான்கு மடங்கு எடுக்கும். ஆனால் சார்ஜ் தீர்வதற்கு முன்னால் சூடு நிறுத்திவிடும். பேட்டரி செல் சூடாகிவிட்டால் மென்பொருள் சக்தியைக் குறைக்கும், எத்தனை டிகிரியில் என்பது காருக்குக் கார் மாறும். ஃபாஸ்ட் சார்ஜரிலிருந்து நேராக டிராக்குக்குப் போகாதீர்கள், பேட்டரி ஏற்கெனவே கொதித்திருக்கும். இரண்டு சுற்று வேகம், ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். வந்ததும் வீல் நட் மறுபடி முறுக்குங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். புது பிரேக் ஆயில் போட்டுத்தான் போக வேண்டும்.

சென்னை: ஊட்டி இ-பாஸ் எப்படி?

அரசு இணையதளத்தில். இங்கே இல்லை.

வோல்ட் வேங்கை: கடைசியா ஒண்ணு. ஃபார்முலா இ கார்ல பின்னாடி பிரேக்கே இல்லையாமே? அப்ப ரீஜென் போதும்னுதானே அர்த்தம்?

ஃபார்முலா இ என்ற எலெக்ட்ரிக் கார் பந்தயத்தில், 2023 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஓடியது அந்த மூன்றாம் தலைமுறைக் கார்தான். பின்சக்கரத்தில் வழக்கமான ஹைட்ராலிக் பிரேக் இல்லை, முன்னும் பின்னும் மோட்டார்கள் சேர்ந்து 600 கிலோவாட் வரை திரும்ப எடுக்கும். அப்படியும் அவசரத்துக்கென்று பின்னால் தனியாக ஒரு பிரேக் ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். எடை 850 கிலோ சொச்சம், உங்கள் வண்டியில் பாதிகூட இல்லை.

கிளட்ச் பக்தன்: பிரேக் ஆயில் பிரேக் ஆயில்னு சொல்லிட்டே இருக்கீங்க. கலர் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் மாத்தணும்?

கலரில் தண்ணீர் தெரியாது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்போதுதான் தெரியும், அது இருபதாவது வளைவாக இருக்கும். ஒரு லிட்டர் டாட் 4, சீல் உடைக்காத டப்பா. உடைத்து ஆறு மாதம் ஷெல்ஃபில் இருந்ததைப் போட விடாதீர்கள். 5.1 கலக்கலாம், டாட் 5 கூடாது, அது சிலிகோன். எலெக்ட்ரானிக் பூஸ்டர் உள்ள வண்டியில், எலெக்ட்ரிக் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான், வெறுமனே பெடலை மிதித்து ஏர் எடுத்தால் முழுதாக வராது. ஸ்கேன் டூலை மாட்டி சர்வீஸ் மோடில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். டூல் இல்லை என்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.