எடுத்த எடுப்பில் மூன்று வேளையும் வேண்டாம்

கேள்வி: பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பெரும்பாலும் சமைக்காத உணவாகவே சாப்பிடலாம் என்று இருக்கிறேன். எப்படித் தொடங்குவது? சத்துக்குறைவு வருமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் மூன்று வேளையும் ஒரேயடியாக மாற்றினால் வயிறு உப்பி, நாலே நாளில் இட்லிக்கு ஓடிவிடுவீர்கள். முதலில் காலை உணவு மட்டும் போதும்: முளைகட்டிய பச்சைப்பயறு, தேங்காய்த் துருவல், வெள்ளரி, மேலே எலுமிச்சை. எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல, பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அதன் வைட்டமின் சி உதவும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். ஊறவைத்த அவலும் சரிதான் (அதுவும் சூடு கண்டதுதான், ஆனால் நீங்கள் 'பெரும்பாலும்' என்றுதானே சொன்னீர்கள்!). பழம், காய் மட்டும் என்றால் மதியத்துக்குள் பசி பிடுங்கும், அதனால் ஊறவைத்த வேர்க்கடலையும் எள்ளும் தட்டில் இருக்கட்டும்.

அப்புறம், எல்லாமே பச்சையாகத் தின்னக்கூடியவை இல்லை. ராஜ்மாவை முளைகட்டினாலும் நன்றாகக் கொதிக்க வைக்காமல் சாப்பிடக் கூடாது, வாந்தியும் பேதியும் பாடாய்ப்படுத்தும். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்றால் சயனைடு நஞ்சு. கர்ப்பிணிகள் முளைப்பயறையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்குக் கொண்டாட்டம்.

சத்துக்குறைவில் முக்கியமானது வைட்டமின் பி12. ஸ்பைருலினா (ஒருவகைப் பாசி), கீரை என்று யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், மாத்திரைதான் வழி. தொடங்கும் முன் ரத்தத்தில் பி12, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், சோறு குறையும்போது அதே மருந்தளவில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.