அப்பா நின்ற இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவருடைய பீரோவில் ஒரு உறை நிறையப் பழைய படங்கள் கிடைத்தன. எல்லாம் அவரே ஃபிலிம் கேமராவில் எடுத்தவை. குன்று, ஏரி, மண்பாதை என்று பெரும்பாலும் ஆளில்லாத இடங்கள். ஒன்றில் மட்டும் நான் இருக்கிறேன், ஐந்து வயதிருக்கும். பெரிய ஏரியின் கரையில் நிற்கிறேன். தூரத்து மறுகரைக் கோடு சரியாக என் கண்களுக்கு நேராக ஓடுகிறது.

இந்த இடங்களுக்கெல்லாம் திரும்பப் போய்ப் படம் எடுத்து, ஒவ்வொன்றோடும் ஒரு கவிதை எழுத நினைத்தேன். குன்றுக்குப் போய்வந்தேன். பாதி மரங்களைக் காணோம், உச்சியில் செல்போன் டவர் நிற்கிறது. படத்தில் உயிரில்லை. கவிதையோ ‘அப்பா இல்லை’ என்பதைத் தாண்டி நகர மறுக்கிறது. துக்கத்தைக் காட்சிப்பொருள் ஆக்குகிறேனோ என்றும் உறுத்துகிறது. தொடரலாமா?

வாசகி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

தொடருங்கள். உறுத்தலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த ஏரிப் படம்.

அடிவானக் கோடு, சமதரையில் நிற்கும் எதையும் கேமரா இருந்த உயரத்தில்தான் வெட்டிப்போகும். பெரிய ஏரியின் மறுகரையும் ஏறக்குறைய அடிவானம்தான். அப்பா நின்றபடி எடுத்திருந்தால் அந்தக் கோடு உங்கள் தலைக்கு மேலே போயிருக்கும். கண்களுக்கு நேராகப் போகிறது என்றால் கேமராவும் உங்கள் கண் உயரத்தில் இருந்திருக்கிறது. நீங்கள் மேட்டில் எதுவும் ஏறி நிற்கவில்லை என்றால், ஐந்து வயதுக் குழந்தையின் உயரத்துக்கு அவர் மண்டியிட்டோ குந்தியோ இருந்திருக்கிறார். படத்தில் அவர் முகம் கிடையாது, ஆனால் அந்த நிமிடத்தில் அவர் உடம்பு எப்படி வளைந்திருந்தது என்பது இருக்கிறது.

ஆளில்லாத படங்களுக்கும் இது பொருந்தும். குன்றைத் தேடிப் போனீர்கள். இனி, குன்றைப் பார்த்து அவர் நின்ற இடத்தைத் தேடிப் போங்கள். அதைக் கண்டுபிடிக்க முடியும். பழைய படத்தில் கிட்டத்தில் ஒரு பாறை, தூரத்தில் ஒரு மலைமுகடு என்று இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மற்றொன்றை எங்கே மறைக்கிறது என்று பார்த்து, அதே இடத்தில் மறைக்கும்வரை இடமோ வலமோ நகருங்கள். பிறகு இரண்டின் அளவும் பழைய விகிதத்துக்கு வரும்வரை முன்னே பின்னே போய்ப் பாருங்கள். ஜூம் இதில் உதவாது, கால்தான் நகரவேண்டும். நிழல் விழும் பக்கமும் நீளமும் எந்த நேரம், எந்தப் பருவம் என்பதைச் சொல்லும். அமெரிக்க மேற்குப் பகுதியை 19ஆம் நூற்றாண்டில் அளந்தவர்கள் எடுத்த படங்களை, 1977 முதல் 1979 வரை புகைப்படக் கலைஞர் மார்க் கிளெட்டும் அவருடைய குழுவினரும் இப்படித்தான் அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்தார்கள். (நெகட்டிவ் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். பிரிண்டின் ஓரத்தில் வெட்டுப்பட்டது அதில் இருக்கக்கூடும்.)

டவரை ஒளிக்க வேண்டாம். அப்பா பார்த்ததற்கும் நீங்கள் பார்ப்பதற்கும் நடுவே போன காலம் அதில்தான் தெரிகிறது.

சரி, கவிதை. தந்தையை இழந்தவர்கள் நிலத்தைப் பார்த்துப் பாடியதில் நம்மிடம் உள்ள மிகப் பெரிய கவிதை புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாரியின் மகள்கள் பாடியது, ஐந்தே அடிகள். போன மாதத்து வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் பிறரிடம் போகவில்லை. இந்த மாதத்து வெண்ணிலவில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், ‘யாம் எந்தையும் இலமே’. கடைசி அடி சொல்வதும் நீங்கள் எழுதிய ‘அப்பா இல்லை’ தான். அந்த வரியில் குறையே இல்லை. ஆனால் அவர்கள் நிலவையும் குன்றையும் முரசறையும் வேந்தர்களையும் கடந்து அங்கே வந்து சேர்கிறார்கள். நீங்கள் அங்கிருந்தே புறப்படுகிறீர்கள், அதனால்தான் போக வழியில்லாமல் நிற்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். பாரி இறந்தபின் அவன் நண்பர் கபிலர் பறம்பைப் பாடிய பாட்டுகளில் ஒன்று 118. பாறைகளும் சிறு குன்றுகளும் சேர்ந்த இடத்தில், எட்டாம் நாள் பிறை போல வளைந்த கரையுள்ள ஒரு தெளிந்த நீர்ச் சிறுகுளம் உடைகிறது, பாரியின் குளிர்ந்த பறம்பு நாட்டில். அவ்வளவுதான். அழுகை இல்லை, இறந்தான் என்ற சொல்கூட இல்லை. உடையும் கரையைக் கவனிக்க இப்போது அங்கே யாரும் இல்லை என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. உங்கள் குன்றில் காணாமல் போன மரங்களையும் இப்படி எழுதிப் பாருங்கள்: எங்கே நின்றவை, எதை மறைத்தவை, இப்போது அவை இல்லாததால் என்ன தெரிகிறது. புகைப்படம் இன்றைக்கு இருப்பதை மட்டுமே காட்டும். அன்றையும் இன்றையும் ஒரே மூச்சில் வைப்பது கவிதையின் வேலை.

உறுத்தல் பற்றி. எடுப்பதும் எழுதுவதும் வேறு, பிறருக்குக் காட்டுவது வேறு. முதலிரண்டுக்கும் நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த் தன் தாயை 1977இல் இழந்தார். புகைப்படம் பற்றி 1980இல் அவர் வெளியிட்ட நூலின் மையமே, தாய் ஐந்து வயதில் கண்ணாடித் தோட்ட அறையில் நிற்கும் படம்தான். பக்கம் பக்கமாக அதைப் பற்றி எழுதினார், படத்தை மட்டும் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பழைய படம், தனக்கு மட்டுமே அது வலி என்பது அவர் சொன்ன காரணம். உங்களிடமும் அப்படி ஒதுக்கிவைக்க வேண்டிய படம் ஒன்றோ இரண்டோ இருக்கும். எவை என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். எல்லா இடங்களுக்கும் போய்வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.