சிறிய சமையலறைக்கு வாங்கிய இண்டக்ஷன் அடுப்பு: பிளக் பொருந்தவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோவை பீளமேட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். சமையல் மேடை இரண்டடி அகலம்தான். அங்கே 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று மட்டும் உள்ளது. இடத்தை அடைக்காத அடுப்பாகத் தேடி, நான்கு மாதங்களுக்கு முன் இணைய விற்பனைத் தளம் ஒன்றில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பை 2,890 ரூபாய்க்கு வாங்கினேன். ‘சாதாரண வீட்டு பிளக்கிலேயே இயங்கும், எல்லாப் பாத்திரங்களுக்கும் ஏற்றது’ என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். வந்த அடுப்பின் பிளக் பாயிண்டில் நுழையவே இல்லை. பெட்டியோடு வந்த கையேட்டிலோ ‘16 ஆம்பியர் பாயிண்டில் மட்டும் இணைக்கவும்’ என்று அச்சிட்டிருக்கிறது. மூன்றாம் நாளே தளத்தில் புகார் பதிவு செய்தேன். பிறகு அவர்கள் தரப்பில் போனில் பேசியவர், பெரிய பிளக்கைச் சிறிய பாயிண்டில் பொருத்த உதவும் கன்வெர்டரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். அலுமினியக் குக்கர் அதில் சூடாகவே இல்லை. ஒரே வாரத்தில் கன்வெர்டர் உருகி, பிளக் பாயிண்டும் கருகிவிட்டது. கன்வெர்டர் போட்டதால் வாரண்டி செல்லாது என்கிறது நிறுவனம். ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறார் விற்பனையாளர். கருகிய பாயிண்டுக்கு நான்தான் பணம் தர வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்யலாம்? அடுத்து வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வாரண்டி செல்லாது என்கிறார்களே என்று கவலைப்படுகிறீர்கள். ஆனால் உங்கள் வழக்கின் பலம் அங்கே இல்லை. அடுப்பு பழுதானது என்பதைவிட, சொன்னபடியான அடுப்பு வரவே இல்லை என்பதே உங்கள் முதல் குறையாக இருக்க வேண்டும். 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட் மின்சாரத்தில், ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்டோ 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே ‘சாதாரண வீட்டு பிளக்கிலேயே இயங்கும்’ என்ற வாசகம் உங்கள் மேடையில் உள்ளது போன்ற 6 ஆம்பியர் பாயிண்டுகளுக்குப் பொருந்தாத வாசகம் என்பதை நிரூபிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. அடுப்பின் அடியில் ஒட்டியுள்ள வாட் விவரமும் ஒரு பெருக்கல் கணக்குமே போதும். அலுமினியத்தின் கதையும் அதேதான். காந்தம் ஒட்டும் அடிப்பாகம் இல்லாத பாத்திரத்தை இவ்வகை அடுப்பு சூடாக்காது என்பது அதன் இயக்கத்திலேயே உள்ள வரம்பு. அதைத் தெரிந்துகொண்டே ‘எல்லாப் பாத்திரங்களுக்கும்’ என்று எழுதுவதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றும் முறையற்ற வணிக நடவடிக்கை என்றும் பார்க்கிறது.

ஏழு நாள் கெடுவைக் கண்டு தயங்க வேண்டாம். விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் 6ஆம் விதி கூறுகிறது. அதைவிட முக்கியமாக, நீங்கள் மூன்றாம் நாளே புகார் செய்துவிட்டீர்கள். கெடுவுக்குள் எழுப்பிய புகாரை இழுத்தடித்துவிட்டு, பின்னர் கெடு முடிந்துவிட்டது என்று சொல்வதை நுகர்வோர் ஆணையம் எளிதில் ஏற்காது. அந்தப் புகார் எண்ணும் தேதியும்தான் உங்கள் கையில் உள்ள மிகச் சிறந்த ஆவணம்.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனம். பெட்டியோடு வந்த பயனர் கையேட்டில் ‘16 ஆம்பியர் பாயிண்டில் மட்டும் இணைக்கவும்’ என்று அச்சிட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது இருமுனைக் கத்தி. விற்பனைப் பக்கத்தில் சொன்னது பொய் என்பதை நிறுவனத்தின் கையேடே ஒப்புக்கொள்கிறது. அதே வரி, எச்சரித்தும் நீங்கள் கேட்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடவும் உதவும். பொருளால் வேறு சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் ‘பொருள் பொறுப்பு’ என்ற உரிமை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்தாலும், சேதம் நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது அந்த வழக்கு நிற்காது என்று 87ஆம் பிரிவு விலக்கும் அளிக்கிறது. கன்வெர்டர் போடச் சொன்னதே அவர்கள்தான் என்கிறீர்கள், அதை நம்புகிறேன். ஆனால் அது பதிவில்லாத தொலைபேசிப் பேச்சு. அழைப்பு வந்த எண்ணையும் நேரத்தையும் குறிப்பிட்டுப் பிரமாண வாக்குமூலத்தில் சொல்லுங்கள். வழக்கின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றாதீர்கள். அடுப்பின் விலை, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றோடு கோரிக்கையை நிறுத்திக்கொள்வதே என் யோசனை. கருகிய பாயிண்டையும் சேர்த்துக் கேட்டால், விசாரணை விளம்பரத்தை விட்டுவிட்டு உங்கள் கன்வெர்டரைச் சுற்றத் தொடங்கிவிடும்.

நடைமுறை எளிது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது அவர் கடமை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யலாம். சிறிய தொகைகள் பல நேரங்களில் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் விற்பனையாளர், தளம், தயாரிப்பாளர் மூவருக்கும் 15 நாள் அவகாசம் தந்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆயினும் அறிவிப்புக்குப் பதில் எழுதாத நிறுவனத்தின் மௌனம் பின்னர் உங்களுக்கே உதவும். அதன்பின் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், அல்லது நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியே, முறையீடு தாக்கல் செய்யலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 34ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். 2,890 ரூபாய்க்காக வழக்கறிஞர் வைப்பது, வழக்கறிஞனாகிய நானே சொல்கிறேன், வீண் செலவு. நீங்களே நேரில் வாதிடலாம்.

விற்பனைப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். தேதியும் இணைய முகவரியும் படத்தில் தெரிய வேண்டும். நாளை அந்த வரியை மாற்றிவிட அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். இத்தகைய மின்னணு ஆவணங்களுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். அடுப்பையும் உருகிய கன்வெர்டரையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நேரலாம்.

வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, வீட்டின் மின்கம்பிப் பராமரிப்பை உரிமையாளரிடமும், சுவிட்ச், பிளக் பழுதுகளை வாடகைதாரரிடமும் விடுகிறது. இந்தச் சேதமோ உங்கள் பயன்பாட்டால் நேர்ந்தது. அந்தப் பாயிண்டை மாற்றித் தந்துவிடுங்கள். ஆனால் போர்டு முழுவதற்கும், உள்ளே ஓடும் பழைய கம்பிக்கும் சேர்த்துப் பணம் கேட்டால், எலக்ட்ரீஷியனின் எழுத்துப்பூர்வமான மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்பணத்தில் தன்னிச்சையாகக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்த அடுப்புக்கு வருவோம். அந்த மேடையில் 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டுமானால், மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பியும் தனி எம்.சி.பி.யும் (மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட வேண்டும். அது பராமரிப்பு அல்ல, புதிய வேலை. வீட்டுக்காரரின் சம்மதத்தை, செலவு யாருடையது, காலி செய்யும்போது யாருக்கு என்ற விவரத்துடன், எழுத்தில் வாங்கிய பிறகே கை வையுங்கள். அவர் மறுத்தால் 1200 வாட் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது 5.2 ஆம்பியர்தான் இழுக்கும், ஓரிருவர் சமையலுக்குப் போதும், சோறு வேக மட்டும் சற்றுக் கூடுதல் நேரமாகும். அது ஓடும்போது அதே லைனில் மிக்ஸியைப் போடாதீர்கள்.

அகலத்தை மட்டும் அளந்து வாங்குவது பலர் செய்யும் பிழை. அடுப்பின் பின்னாலும் பக்கத்திலும் காற்று போக எவ்வளவு இடம் விடச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்ததால் சூடேறி நின்றுபோன அடுப்புக்கு வாரண்டி கேட்டால், கையேட்டின் அந்த வரியைத்தான் காட்டுவார்கள். சிறிய அடுப்பில் உள்ளிருக்கும் சுருளும் சிறியதாகவே இருக்கும். பெரிய தோசைக்கல்லை வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் மாவு வெந்திருக்காது. இது பொருளின் குறைபாடு ஆகாது, எனவே இதற்காக வழக்கும் நிற்காது. பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து, உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டும் பாத்திரங்களின் அடிவிட்டத்தை அளந்து, அந்த அளவுக்கு அடுப்பு ஏற்றதா, பிளக் 6 ஆம்பியரா 16 ஆம்பியரா என்று விற்பனையாளரிடம் தளத்தின் கேள்விப் பகுதியிலேயே எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தபின் பணம் கட்டுங்கள். பில்லில் மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.