பாயான் ஓய்கிற இடம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. சில மாதங்களாகத் தபலா கற்கிறேன். குருஜி இன்னும் தீன்தால் தாளத்தின் டேகாவை, அதாவது அதன் அடிப்படைச் சொற்கட்டைத்தான் வாசிக்கச் சொல்கிறார். வேறு இடத்தில் சேர்ந்த நண்பர்கள் வேகமாக உருளும் சொற்கட்டான ரேலா வரைக்கும் போய்விட்டார்கள். ஆசிரியரை மாற்றலாமா? இந்த வயதில் வேகம் வருமா? இணைய வகுப்பு போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், விரல் பழகும். இணைய வகுப்பை விட, மணிக்கட்டு இறுகுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துகிறவர் நல்லது.

டேகாவைத் தண்டனை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நாளாக இந்துஸ்தானிப் பாடகர் அமீர் கானின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 14 மாத்திரை, அதாவது 14 எண்ணிக்கை கொண்ட ஜூம்ரா தாளத்தை அவ்வளவு விளம்பிதமாக, மிக மெதுவாகப் பாடுவார். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவே ராகம் எங்கெங்கோ போய்விட்டு வரும். அந்த நேரமெல்லாம் தபலாக்காரர் வாசிப்பது டேகாதான், இடைவெளியை நிரப்பச் சில சின்னத் தபலாச் சொற்களோடு. அவர் கை கொஞ்சம் தளர்ந்தாலும் பாட்டு நிற்க இடமில்லாமல் போகும். இதையா நீங்கள் தாண்டிப் போக அவசரப்படுகிறீர்கள்?

உங்கள் தீன்தாலையே பாருங்கள். 16 மாத்திரை, நான்கு நான்காகப் பிரிந்தது. 9ஆம் மாத்திரையில் கையை வீசிக் காலி, அதாவது தட்டில்லாத வெற்று இடம் காட்டுகிறோம். ஆனால் பரவலாக வாசிக்கப்படும் டேகாவில் இடக்கை வாசிக்கும் பாயான் அங்கே ஓய்வதில்லை, 10இல்தான் ஓய்கிறது. 13 வரை வலக்கை மட்டும். 14இல் பாயானின் கனத்த நாதம் திரும்பி வரும்போதே சம், அதாவது சுற்றின் முதல் மாத்திரை நெருங்கிவிட்டது என்று காதுக்குத் தெரிந்துவிடும். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு எங்கே அலைந்தாலும் சரியாக வந்து சேர்வது இந்த அடையாளத்தை வைத்துத்தான். அந்த நாலு மாத்திரையில் உங்கள் இடக்கை என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது கவனித்தீர்களா? கவனித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ரூபக் தாளத்துக்குப் போகும்போது இன்னும் திணறுவீர்கள். 7 மாத்திரை, அதில் சம்மே காலி.

எங்கள் ஆசிரியர் ஹார்மோனியத்தில் லஹரா, அதாவது தாளச் சுற்றைக் காட்டித் திரும்பத் திரும்ப வரும் மெட்டு வாசித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று கையை எடுத்துவிடுவார். நாங்கள் டேகாவை விடாமல் வாசிக்க வேண்டும். அவர் மனதுக்குள் லஹராவை ஓட்டிக்கொண்டிருப்பார். சில ஆவர்த்தனம், அதாவது சில தாளச் சுற்று கழித்து மறுபடி தொடங்கும்போது எங்கள் சம்மும் அவர் சம்மும் ஒன்றாக விழ வேண்டும். ரேலாவில் விரல் பறந்த பையன்கள் எல்லாம் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். பாயான் பேசாத இடத்தில் இருப்புக் கொள்ளாமல் ஓடிவிட்டு, அரை மாத்திரை முன்னால் போய் நிற்பார்கள். அவர் திட்டியதே இல்லை. "சரி, இன்னொரு தடவை" என்பார். சொல்லும்போதே ஹார்மோனியத்தில் கை போய்விடும். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜாகிர் ஹுசேனின் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் தபலாவுக்கு வருகிறார்கள். வரட்டும். ஆனால் ஷிவ்குமார் ஷர்மாவின் சந்தூர் என்ற தந்தி வாத்தியத்துக்கு அவர் வாசித்ததையும் கேளுங்கள். டேகாவில் ஒதுங்கி நின்று எவ்வளவு கேட்கிறார் என்று தெரியும்.

குருஜியை மாற்றாதீர்கள். டேகாவைக் கைதட்டிச் சொல்ல வைத்தால் கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் லஹராவைப் பாதியில் நிறுத்திச் சோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். சம் தவறாமல் விழுந்தால், அப்புறம் ரேலா கேட்கலாம்.